கார் கண்ணாடியில் கல் தெறிப்பா? சூட்டோட சூடா ஒட்டாதீங்க!

வேலூர்:
ஜல்லி லாரிக்குப் பின்னால போகும்போது 'டொக்'குனு ஒரு கல் வந்து விழும். முன் கண்ணாடியில் சின்னதா ஒரு வடு. ஒரு ரூபாய் காசு அளவுக்குள் இருந்தால், ரெசின் பசை ஏற்றியே சரி செய்யலாம். புதுக் கண்ணாடி செலவு மிச்சம். ஆனால் வேலூர் வெயிலில் நின்ற வண்டியில் உடனே வேலையை ஆரம்பித்தால் காசு வீண்தான்.

காரணம் என்ன?
கண்ணாடி சூடானால் விரியும். வெடிப்பின் வாய் இறுகும். பசை உள்ளே முழுசா போகாது. அழுத்தம் கொடுக்கும்போது வெடிப்பு நீளவும் வாய்ப்பு உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால், பசை பாதியிலேயே கெட்டியாகி விடும்.

கூலிங் கருவி எதற்கு?
முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி ஆற விட வேண்டும். அப்புறமும் சூடு இறங்காவிட்டால், கூலிங் கருவியை வடுவின் மேல் வைத்து மெதுவாகக் குளிர்விப்பார்கள். கண்ணாடி சுமார் 20 முதல் 30 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது நல்லது. ரொம்ப குளிர்ந்தாலும் பசை கெட்டிப்பட்டு இறங்காது.

இதைச் செய்யாதீங்க!
கொதிக்கிற கண்ணாடியில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவதோ, ஏ.சி. காற்றை ஃபுல்லாக அடிப்பதோ கூடாது. சின்ன வடு நீள விரிசலாகிவிடும்.

வேலைக்குப் போகும் வரை வடுவின் மேல் டேப் ஒட்டி வையுங்க. தூசியும் தண்ணியும் புகுந்தால் பசை பிடிக்காது. டிரைவர் பார்வைக்கு நேராகவோ, கண்ணாடி ஓரத்திலோ வெடிப்பு இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே பாதுகாப்பு.