17 படங்களும் எண்ணற்ற படிகளும்

ஏட்டுச்சுவடியையும் பாடபேதத்தையும் அறிந்தவர்கள் நம் வட்டத்தார். படியெடுப்பவர் கையில் ஒரு நூல் எவ்வளவு மாறும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வரலாறு கார்ட்டூன் படங்களுக்கும் உண்டு என்றால் சிலர் புன்னகைக்கக்கூடும். 1941 முதல் 1943 வரை அமெரிக்கத் திரையரங்குகளில் வெளிவந்த 17 சூப்பர்மேன் கார்ட்டூன்களை வீடியோ கேசட்டாகவும் குறுந்தட்டாகவும் தேடிச் சேர்த்தவர்களின் முயற்சியை, பொழுதுபோக்கு என்று மட்டும் தள்ளிவிட என்னால் இயலவில்லை. மூலபாடம் எது என்னும் கேள்வியே அவர்களை இயக்கியது.

இப்படங்களைத் தொடங்கியவர்கள் மாக்ஸ் ஃபிளைஷர், டேவ் ஃபிளைஷர் என்னும் சகோதரர்கள். அவர்களது படக்கூடம் அப்போது ஃபுளோரிடாவின் மயாமியில் இருந்தது. சூப்பர்மேனைத் திரைக்குக் கொண்டுவரும்படி பாரமவுண்ட் நிறுவனம் கேட்டபோது அவர்களுக்கு அதில் விருப்பமில்லை. மறுத்துவிடுவார்கள் என்று எண்ணி, ஒரு படத்துக்கு 1,00,000 டாலர் வேண்டும் என்று டேவ் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. பாரமவுண்ட் பாதித் தொகைக்கு இணங்கிவிட்டது! பத்து நிமிடப் படத்துக்கு 50,000 டாலர் என்பது அந்நாளில் கேள்விப்படாத செலவு. 1941 செப்டம்பர் 26 அன்று வெளியான முதற்படம் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு டிஸ்னிக்குப் போயிற்று.

பணம் எங்கே போயிற்று என்பதைப் படத்தைப் பார்த்தாலே அறியலாம். அது நிழலில் போயிற்று. கிளார்க் கென்ட் சூப்பர்மேனாக மாறும் இடங்கள் பெரும்பாலும் நிழலுருவாகவே காட்டப்படுகின்றன. 1941 நவம்பரில் வந்த ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ படத்தில் எந்திர மனிதர்கள் கொள்ளையடிக்க வரும் காட்சிகளில் ஒளி குறைந்த ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வேலை உண்டு. ஜப்பானியக் கலைஞர் ஹயாவோ மியாசாகி 1986-இல் எடுத்த ‘லாபுடா’ படத்து எந்திர மனிதனில் இவற்றின் சாயலைக் காணலாம். இந்த வண்ணங்களைப் பதிவு செய்தது டெக்னிகலர் முறை. ஒவ்வொரு சித்திரத்தையும் மூன்று நிற வடிகட்டிகள் வழியே அடுத்தடுத்து மூன்று முறை படமெடுத்து, பின்னர் மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பார்கள். அச்சாயம் எளிதில் மங்குவதில்லை. ஆழ்ந்த கறுப்பும் அதிலே கிடைத்தது.

ஒன்பது படங்களோடு சகோதரர்களின் காலம் முடிந்தது. படக்கூடம் அவர்கள் கையை விட்டுப் போய் 1942-இல் ‘ஃபேமஸ் ஸ்டுடியோஸ்’ எனப் பெயர் மாறியது. எஞ்சிய எட்டும் அதன் பெயரால் வந்தவை. அவற்றின் தரம் ஒரு படி குறைவு என்பது என் கருத்து.

இனி உரிமை பற்றிய செய்தி. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்கு நிற்கும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். இந்த 17 படங்களுக்கும் எவரும் புதுப்பிக்கவில்லை. சூப்பர்மேன் என்னும் பாத்திரத்துக்கு உரிமையாளர் உண்டு, இப்படங்களோ பொதுச்சொத்தாயின. எவர் கையில் ஒரு படி இருந்ததோ அவரே பதிப்பாசிரியர் ஆனார்.

1980-களில் வீட்டு வீடியோ பரவியபோது அமெரிக்கக் கடைகளில் மலிவு விலைக் கேசட்டுகள் குவிந்தன. அவற்றுக்கு மூலமாக அமைந்தவை பெரும்பாலும் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட 16 மி.மீ. படிகள். சாயம் வெளுத்துச் செம்மை படர்ந்த படிகள் அவற்றில் பல. தொடக்கத்தில் வரும் பாரமவுண்ட் முத்திரை வெட்டப்பட்டவையும் உண்டு. நாடாவை மிச்சப்படுத்த, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் பதிவு செய்வோரும் இருந்தனர். இரண்டு மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் அடங்கும், உருவம் மட்டும் கலங்கும். நிழலையே உயிராகக் கொண்ட படத்தில் நிழல் சேறாகிவிட்டால் எஞ்சுவது என்ன? அட்டையில் வேறு பெயர், உள்ளே முன்பு வாங்கிய அதே நான்கு படங்கள் என்னும் ஏமாற்றமும் சேகரிப்பாளர்க்குப் பழகிப்போனது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உரிமையற்ற இந்த மலிவுப் படிகள் இல்லையேல் ஒரு தலைமுறை இப்படங்களைக் கண்டே இராது.

1991-இல் போஸ்கோ வீடியோ என்னும் சிறு நிறுவனம் 35 மி.மீ. படிகளைத் தேடிப்பிடித்து 17 படங்களையும் இரண்டு கேசட்டுகளில் வெளியிட்டது. சேகரிப்பாளர் மொழியில் சொன்னால் அதுவே முதற் செம்பதிப்பு. இமேஜ் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் அதனை லேசர் டிஸ்க்காகவும் பின்னர் டி.வி.டி.யாகவும் தந்தது. மூலச்சுருள்களைக் கையில் வைத்திருந்த வார்னர் நிறுவனம் தனித் தொகுப்பாக டி.வி.டி. கொணர்ந்தது 2009-இல்தான்.

முழுத் தொகுப்பு என்பதற்கு ஒரு விலை உண்டு. 1942 செப்டம்பரில் வந்த ‘ஜப்போட்டியர்ஸ்’ ஜப்பானியரை இழிவாகத் தீட்டிய போர்க்காலப் படம். பெயரே வசைச்சொல். 1943-இன் ‘ஜங்கிள் டிரம்ஸ்’ ஆப்பிரிக்கரைக் காட்டும் விதமும் கூசச் செய்வது. இவற்றை நீக்கிய தொகுப்பு பார்க்க இனிதாக இருக்கும், வரலாறாக இராது. 17 என்று எண்ணுபவர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணக் கடமைப்பட்டவர்.

2023 மே மாதத்தில் வார்னர் புளூ ரே தட்டை வெளியிட்டது. இனித் தேட வேண்டியதில்லை என்று பலர் நம்பினர். ஆனால் படச்சுருளுக்கே உரிய மணித்துகளைக் கணினி கொண்டு துடைத்தபோது, ஓவியரின் மெல்லிய கோடுகளும் சில இடங்களில் மழுங்கிவிட்டன என்று அறிந்தோர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே என்பேன். அழுக்கை நீக்குகிறேன் என்று பாடத்தைத் திருத்திய பதிப்பாசிரியர்களை நாமும் அறிவோம்.

ஆகவே 1991-ஆம் ஆண்டு நாடாவும் பழைய டி.வி.டி.யும் புதிய தட்டின் அருகிலேயே அலமாரியில் இடம் பெறுகின்றன. தட்டுக்குக் கவலையில்லை. காந்த நாடாவோ ஆண்டுதோறும் தேய்கிறது. அதை ஓட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. படங்களைத் தேடியவர்கள் இப்போது பழுதுபார்க்கத்தக்க பழைய வி.சி.ஆர். கருவிகளையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.