கூட்டப்பெயர் கற்பித்தல்: ஒரு வரலாற்று நோக்கு

தொடக்கப் பள்ளி மாணவர்க்குரிய மொழிப் பயிற்சிகளுள் கூட்டப்பெயர் எழுதுதலும் ஒன்று. 'ஆடு' என்பதற்கு எதிரே 'மந்தை' என்றும், 'எறும்பு' என்பதற்கு எதிரே 'சாரை' என்றும், 'சாவி' என்பதற்கு எதிரே 'கொத்து' என்றும் எழுதினால் விடை முழுமை பெறுகிறது. இணை இணையாக மனப்பாடம் செய்யப்படும் இத்தகைய பட்டியலுக்குப் பின்னுள்ள மரபுகள் யாவை, அது குழந்தைக்கு எதனைக் கற்பிக்கிறது, எதனைக் கற்பிக்காமல் விடுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. தொல்காப்பியமும் குழுவும்

தொல்காப்பியர் கூட்டப்பெயரைத் தனிப் பெயர்வகையாக வகுத்துக் கூறவில்லை. ஆயினும் அதன் இயல்பை அவர் நுட்பமாகக் கண்டிருக்கிறார். கிளவியாக்கத்தில், பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் பதினெட்டினை அவர் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் 'குழு', 'அரசு' என்பனவும் இடம்பெறுகின்றன. மனிதர் பலர் சேர்ந்ததே குழு எனினும், அது 'வந்தது' என்றே முடியும் என்பது இதனால் பெறப்படும். பெயரியலில் அவர் கூறும் 'குழுவின் பெயர்' இதனின் வேறானது. அதற்கு உரையாசிரியர்கள் 'அவையத்தார்' போன்றவற்றை எடுத்துக்காட்டுவர். அது கூட்டத்தின் பெயரன்று. கூட்டத்தைச் சார்ந்தோரின் பெயர். அவை கூடியது, அவையத்தார் கூடினர். இவ்வேறுபாடு இன்றைய தமிழிலும் மாறாது நிற்கிறது.

2. நிகண்டு மரபு

திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. மண்டலபுருடர் விருத்தப்பாவில் இயற்றிய சூடாமணி நிகண்டு மனப்பாடத்திற்கு எளிதாக அமைந்தமையால் திண்ணைப் பள்ளிகளில் பெரிதும் பயிலப்பட்டது. அதன் 12ஆம் தொகுதி 'பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி' எனப்படும். முக்குணம், ஐம்பொறி, அறுசுவை போல எண்ணால் வரையறுக்கப்பட்ட தொகுதிகளை அது உணர்த்துவது. இங்கு மாணவன் கற்றது ஒரு பெயருள் அடங்கும் உறுப்புகளை. ஒரு விலங்கிற்கு ஒரு கூட்டச்சொல் என்னும் இணையை அன்று. பள்ளிப் பயிற்சிகளில் 'தொகைப்பெயர்' என வழங்குவது இம்மரபின் எச்சம் எனலாம். 'தொகை' என்பது இலக்கணத்தில் தொகைநிலைத் தொடரையும் குறிப்பதால், ஒரே சொல் இருவேறு பொருளில் வந்து மாணவரை மயக்குவதும் உண்டு.

3. வேட்டையில் பிறந்த பட்டியல்

ஓர் உயிரினத்திற்கு ஒரு கூட்டச்சொல் என்னும் பட்டியல் முறை ஆங்கிலத்தில் நெடிய வரலாறு உடையது. 1486இல் அச்சான செயிண்ட் ஆல்பன்ஸ் நூலில் விலங்கு, பறவைகளின் கூட்டங்களுக்குரிய சொற்கள் நிரல்படத் தரப்பட்டுள்ளன. வேட்டையாடும் உயர்குடியினர் அறிந்திருக்க வேண்டிய நாகரிகமாக அவை கருதப்பட்டன. மனிதரைக் குறித்த நகைச்சுவைச் சொற்களும் அவற்றினூடே கலந்திருந்தன. அங்ஙனம் விளையாட்டாகத் தோன்றிய சிலவும் பின்னர்ப் பள்ளிப் பாடமாயின. தமிழ்ப் பயிற்சிப் பட்டியலின் அமைப்பு நிகண்டைக் காட்டிலும் இதனையே பெரிதும் ஒத்திருக்கிறது.

4. வடிவமும் செயலும்

தமிழ்க் கூட்டச்சொற்களுள் பல உயிரினத்தைச் சார்ந்தன அல்ல. சேர்ந்திருக்கும் வடிவத்தையோ சேர்த்த செயலையோ சார்ந்தவை. கட்டியது கட்டு; குவித்தது குவியல்; அடுக்கியது அடுக்கு; கோத்தது கோவை. எனவே ஒரு பொருளுக்குப் பல கூட்டச்சொற்கள் உரியனவாகும். பூ கிளையில் கொத்தாகவும், தொடுத்தபின் சரமாகவும், கடையில் குவியலாகவும் உள்ளது. நெல் அறுத்தபோது கட்டு, தூற்றியபின் பொலி, வைக்கோலோ போர். வாழையில் முழுமையும் தாறு அல்லது குலை. அதன் பகுதி சீப்பு. வரிசையாகச் செல்லும் எறும்புகள் சாரை. வெல்லக்கட்டியை மொய்க்கும் எறும்புகள் சாரை ஆகா. 'எறும்பு – சாரை' என மட்டும் கற்ற குழந்தைக்கு இவ்வேறுபாடு தெரிய வழியில்லை. கண்ணால் கண்டு அறியக்கூடிய ஒன்று, காணாமலே ஒப்பிக்கக்கூடிய ஒன்றாகி விடுகிறது.

5. கற்பித்தலும் மொழிபெயர்ப்பும்

ஆகவே இளஞ்சிறார்க்குப் பட்டியலினும் செயலே முற்பட வேண்டும். குச்சிகளைக் கட்டச் செய்து 'கட்டு' என்றும், கற்களைக் குவிக்கச் செய்து 'குவியல்' என்றும் சொல்லவைத்தால், வினையிலிருந்து பெயர் பிறப்பதை இலக்கணம் அறியாமலே குழந்தை உணரும். அடுத்த நிலையில் முடிபினைக் கற்பிக்கலாம். ஆடுகள் மேய்ந்தன, மந்தை மேய்ந்தது. மக்கள் வந்தனர், கூட்டம் வந்தது என இணைத்தொடர்கள் அமைத்தல் போதுமானது. பட்டியலை நிரப்பும் பயிற்சியில் இம்முடிபு இடம்பெறுவதே இல்லை.

இதன் பயன் தொடக்க வகுப்போடு முடிவதன்று. ஆங்கிலத்தில் குழுவைக் குறிக்கும் சொல், உறுப்பினரைக் கருதுமிடத்துப் பன்மை வினை கொள்ளுதலும் உண்டு. அதனை அவ்வாறே பெயர்ப்போர் 'குழு முடிவு செய்தனர்' என எழுதிவிடுகின்றனர். தமிழில் 'குழு முடிவு செய்தது' என்றோ, 'குழுவினர் முடிவு செய்தனர்' என்றோ அமைதலே மரபு. முன்னதில் பொறுப்பு அமைப்பினுடையது. பின்னதில் அதன் உறுப்பினருடையது. சட்ட ஆவணங்களிலும் அரசாணைகளிலும் இவ்வேறுபாடு சிறியதன்று.

தொல்காப்பியர் முடிபினை நோக்கினார். நிகண்டார் உறுப்புகளை எண்ணினர். பட்டியல் இணைகளை மட்டும் தந்தது. முதலிரண்டையும் வகுப்பறைக்கு மீட்டுக் கொணர்ந்து, சொல்லுக்கு முன் பொருளைக் குழந்தையின் கையில் கொடுப்பின், கூட்டப்பெயர் தேர்வுக்குரிய விடையாக மட்டும் நில்லாது மொழியறிவாக மலரும்.