கடவுச்சொல்லின் கதை: பூட்டு முதல் பேரேடு வரை

ஒரு வீட்டுக்கு ஒரு சாவி என்றால் இடுப்பில் செருகிக் கொண்டு போய்விடலாம். நூறு வீட்டுக்கு நூறு சாவி என்றால்? சாவிக்கொத்து வேண்டும். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று எழுதிய சீட்டும் வேண்டும். அந்தச் சீட்டைப் பூட்டி வைக்க ஒரு பெட்டியும் வேண்டும்! கணினிக் கடவுச்சொல்லின் அறுபது ஆண்டுக் கதையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்.

முதல் பூட்டு, முதல் திருட்டு

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக் கொள்ளும் இயந்திரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு உருவானது. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்து கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. 1961ல் அது செயல்முறையாகக் காட்டப்பட்டது. பலர் பகிரும்போது ஒருவருடைய கோப்பை இன்னொருவர் தொடக்கூடாது அல்லவா? அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

பூட்டு வந்த கையோடு திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அது அவருக்குப் போதவில்லை. 1962ல் கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி கணினிக்கே கட்டளை கொடுத்தார். கணினியும் சமர்த்தாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

1966ல் இன்னொரு கூத்து. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக் கொண்டிருந்தார்கள். ஒன்று அன்றைய அறிவிப்பு, மற்றது கடவுச்சொல் பட்டியல். மென்பொருள் பிழையால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும் எல்லோருடைய கடவுச்சொல்லும் அறிவிப்பாக வந்து நின்றது.

குற்றம் யாருடையது?

கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்தால் ஆபத்து என்பது புரிந்தது. அதை ஒருவழிக் கணக்கில் உருமாற்றிச் சேமிக்கும் முறை யூனிக்ஸ் அமைப்பில் வந்தது. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் இருவரும் 1979ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அதில் ஒரு கணக்கு உண்டு. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவீதம், சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடியவை. ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்!

சோம்பேறிகள் என்று திட்டுவது எளிது. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். மனித மூளை எத்தனை சொற்களைத்தான் சுமக்கும்? இணையம் வந்ததும் சுமை பெருகியது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஐந்து லட்சம் பேரைக் கவனித்து 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி மனிதருக்குச் சுமார் 25 கணக்குகள், அவற்றுக்கு 6.5 கடவுச்சொற்கள். ஆக, ஒரே சாவி ஏறக்குறைய நான்கு பூட்டுகளுக்கு. ஒரு பூட்டு உடைந்தால் நான்கு வீடும் திறந்துவிடும். 2009ல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் கசிந்தபோது அவற்றில் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? 123456!

பெட்டிக்குள் பேரேடு

'எங்கும் எழுதி வைக்காதே' என்பது அதுவரை வேதவாக்கு. அதை மீறியவர் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர். 1997ல் விண்டோஸ் கணினிக்காக 'பாஸ்வேர்டு சேஃப்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஆனால் ஒரே தலைமைக் கடவுச்சொல்லால் பூட்டி வையுங்கள் என்பதே அதன் தத்துவம்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? பதிவுகள் கூடக்கூடத் தேடுவது தலைவலியானது. 2003ல் ஜெர்மனியின் டோமினிக் ரைக்ல் வெளியிட்ட 'கீபாஸ்' இதற்கு நல்ல வழி காட்டியது. வணிகவியல் மாணவர்களுக்குப் பேரேடு நினைவுக்கு வரும். ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பதிவு. அதில் தலைப்பு, பயனர் பெயர், கடவுச்சொல், தள முகவரி, குறிப்பு, காலாவதி நாள் என்று தனித்தனி கட்டங்கள். மின்னஞ்சல், இணையம், வங்கி என்று பதிவுகளைப் பிரித்து வைக்கக் குழுக்கள். கடவுச்சொல்லை மென்பொருளே உருவாக்கித் தரும் என்பதால் மனப்பாடம் செய்யும் வேலை ஒன்றே ஒன்றோடு முடிந்தது.

2017ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டும் இறங்கி வந்தது. காரணமின்றிக் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்லக்கூடாது, இத்தகைய மென்பொருளிலிருந்து ஒட்டுவதைத் தளங்கள் அனுமதிக்க வேண்டும் என்றது.

பட்டியலும் ரகசியமே

கதை சுபமாக முடிந்ததா? இல்லை. 2022ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல் திருடு போனது. கடவுச்சொற்களும் பயனர் பெயர்களும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. தள முகவரிகள் அப்படிச் செய்யப்படவில்லை. யார் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார், எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார் என்ற விவரம் திருடன் கையில் திறந்த புத்தகம்! பேரேட்டில் தொகை மட்டுமா ரகசியம்? யார் பெயரில் பக்கம் திறந்திருக்கிறது என்பதும் ரகசியம்தானே.

கடவுச்சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்த கோர்பாட்டோ 2014ல் ஒரு பேட்டியில், இணையத்தில் அது ஒரு கெட்ட கனவு போல ஆகிவிட்டது என்று வருந்தினார். அவரும் தன் கடவுச்சொற்களைத் தட்டச்சு செய்து பட்டியலாக வைத்திருந்தார். 2019ல் அவர் மறைந்தார்.

பூட்டைக் கண்டுபிடித்தவருக்கே சீட்டு தேவைப்பட்டது என்றால், எழுதி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கணக்குக்கு ஒரு பதிவு, ஒரு பதிவுக்கு ஒரு தனிக் கடவுச்சொல், மூடிய கணக்கின் பதிவை உடனே நீக்குவது, எல்லாக் கட்டங்களையும் பூட்டும் பெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. நல்ல கணக்குப்பிள்ளையின் பழக்கம் இதற்கும் பொருந்தும்!