குரலுக்காக இட்ட கம்பி
பிரித்தானியத் தொலைபேசி இணைப்பும் இணைய காலத்து இல்லங்களும்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். எவர், எந்த ஆண்டில், எதனைக் கண்டறிந்தார் என்பதே அவர்தம் முதன்மையான வினாவாக இருந்துள்ளது. கண்டறியப்பட்ட பொருள் நிலத்திற் புதைக்கப்பட்டும் சுவரிற் பொருத்தப்பட்டும், அதனை நிறுவியோர் மறைந்த பின்னரும் பல தலைமுறைகளாகப் பயன்பட்டு வருவதை அவர்கள் அத்துணை கருத்திற் கொள்ளவில்லை. ஆயினும் மக்களின் அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிப்பது இப்பழைய பொருட்களின் எஞ்சிய வாழ்வே எனலாம். ஒரு காலத்தில் ஒரு தேவைக்காக எடுக்கப்பட்ட முடிவு, பிறிதொரு காலத்திற் பிறிதொரு தேவையுடையோரின் தோளிற் சுமையாக இறங்குகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்குத் தொலைபேசிக் கம்பியிலும் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது.

2000ஆம் ஆண்டிற்குப் பின் பிரித்தானியாவில் இலட்சக்கணக்கான இல்லங்கள் தமது பழைய தொலைபேசிக் கம்பியின் வழியாகவே இணையத்தைப் பெற்றன. அவற்றுட் பல, அடிக்கடி அறுந்து போகும் இணைப்போடு ஆண்டுக்கணக்கிற் போராடின. அப்போராட்டத்தின் காரணங்களை ஆராயுமிடத்து, அவை அண்மைக் காலத்துக் குறைபாடுகள் மட்டுமல்ல என்பதும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அடுக்கடுக்காகப் படிந்த முடிவுகளின் விளைவுகள் என்பதும் புலனாகும். அவ்வடுக்குகளை ஒவ்வொன்றாக நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி அலெக்சாந்தர் கிரகாம் பெல் தமது தொலைபேசிக்கான காப்புரிமையை அமெரிக்காவிற் பெற்றார். தொடக்க காலத் தொலைபேசி இணைப்புகள் தந்தி முறையைப் பின்பற்றியே அமைந்தன. ஒற்றை இரும்புக் கம்பியின் வழியே மின்னோட்டம் சென்றது. அது திரும்புவதற்கு நிலமே பாதையாயிற்று. நகரங்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் அவற்றின் மின்னோட்டமும் அதே நிலத்தின் வழியே பரவியது. தொலைபேசியைக் காதில் வைத்தோர்க்குப் பேச்சினும் இரைச்சலே மிகுதியாகக் கேட்டது. இதற்கான தீர்வின் வித்து 1881இல் பெல் பெற்ற மற்றொரு காப்புரிமையில் இருந்தது. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி இட்டால், வெளியிலிருந்து வரும் குழப்பம் இரண்டையும் ஒரே அளவாகத் தாக்கும். இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டையே கருவி உணர்வதால் அக்குழப்பம் தானாகவே நீங்கிவிடும். இச்சமநிலைத் தத்துவமே இன்றுவரை தொலைபேசிக் கம்பியின் உயிர்நாடியாக விளங்குகின்றது. பின்வரும் பகுதிகளில் இதனை நாம் மீண்டும் சந்திப்போம்.

அடுத்த முடிவு, எவ்வளவு ஒலியை அனுப்பினாற் போதும் என்பது பற்றியது. மனிதப் பேச்சினை விளங்கிக்கொள்ள 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான மீடிறன்கள் போதுமானவை என்பது தொலைபேசிப் பொறியியலின் அடிப்படையாயிற்று. அதற்கு மேற்பட்டதனை அனுப்புவது வீண் செலவு எனக் கருதப்பட்டது. அமெரிக்காவில் இக்கருத்து ஒரு பொருளாகவே உருப்பெற்றது. ஒலிவர் ஹெவிசைட்டின் கோட்பாட்டை அடியொற்றி, 1899 அளவில் ஜோர்ஜ் கம்பெல், மைக்கேல் பூப்பின் ஆகியோர் நீண்ட இணைப்புகளில் இடையிடையே சுருள்களைப் பொருத்தும் முறையை வகுத்தனர். அச்சுருள்கள் பேச்சொலியைத் தெளிவாக நெடுந்தூரம் கொண்டு சென்றன; ஆனால் அதற்கு மேற்பட்ட மீடிறன்களை அறவே தடுத்தன. அன்று அது குறையாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், அதே மேல் மீடிறன்களில் இணையத்தை அனுப்ப முற்பட்டபோது அச்சுருள்களைத் தேடிப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

பிரித்தானியாவின் வரலாறு வேறு வழியிற் சென்றது. அங்கு 1912இல் தேசியத் தொலைபேசிக் கம்பனியை அஞ்சல் திணைக்களம் பொறுப்பேற்றது. அதன் பின் தொலைபேசி பெரும்பாலும் அரசின் தனியுரிமையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இணைப்புக் கேட்போர் பெருகினர், கம்பிகளோ போதவில்லை. ஆகவே இரு வீடுகள் ஒரே இணைப்பைப் பகிரும் முறை பரவலாயிற்று. பின்னர் 1960களிற் செம்பின் விலை ஏறியது. அமெரிக்கச் செம்புச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம், வியட்நாம் போர், 1965இல் ரொடீசியாவின் தன்னிச்சைச் சுதந்திரப் பிரகடனத்தால் சம்பியாவின் செம்பு ஏற்றுமதிக்கு நேர்ந்த இடையூறு ஆகியன இதற்குக் காரணங்களாயின. எனவே அக்காலத்தில் இடப்பட்ட கம்பிகளிற் சில அலுமினியத்தால் ஆனவை. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ 61 வீதமே. அன்றியும் அது எளிதில் ஒடியும். அதன் இணைப்புகளில் ஒட்சைட்டுப் படலம் உருவாகித் தடை கூடும். பேச்சுக்கு இது பெருங்குறையன்று. ஆபிரிக்காவில் நிகழ்ந்த ஓர் அரசியற் பிரகடனமும் சேர்ந்து உயர்த்திய செம்பு விலை, நாற்பது ஆண்டுகளின் பின் ஓர் ஆங்கிலேய மாணவனின் இணைய வேகத்தைக் குறைத்தது எனின் அது மிகையாகாது.

கம்பியின் வழியே எண்களை அனுப்பும் முயற்சி முதலிற் குரலின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் செக்கனுக்கு 300 பிட் அளவினை அனுப்பியது. 1998இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி அவ்வேகம் 56,000 பிட் வரை உயர்ந்தது. 1948இல் குளோட் ஷனன் நிறுவிய கணிதப்படி, குறுகிய பட்டையும் குறிப்பிட்ட இரைச்சலும் உள்ள வழியொன்றில் இதற்கு மேல் அதிகம் எதிர்பார்த்தற்கில்லை. பிரித்தானியாவில் அவ்வேகத்தையும் எல்லோரும் பெறவில்லை. கம்பித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஒரே இணையில் இரு வீடுகளுக்கு இலக்க முறையிற் சேவை வழங்கும் கருவியொன்று பொருத்தப்பட்டிருந்தது. பேசுவோர்க்கு அதன் இருப்பே தெரியாது. மோடம் வைத்திருந்தோர்க்கோ வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. போருக்குப் பிந்திய பகிர்வு முறை புதிய வேடத்தில் மீண்டு வந்தது எனலாம்.

குரலின் எல்லையைத் தாண்டும் வழி வேறிடத்திற் பிறந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர், இல்லத்திற்கு வரும் தகவலுக்கு அகன்ற பாதையும் இல்லத்திலிருந்து செல்வதற்குக் குறுகிய பாதையும் ஒதுக்கினால் பழைய கம்பியிலேயே பெருவேகம் கைகூடும் எனக் காட்டினார். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சியோபி, 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 256 சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தாங்கக்கூடிய அளவினை மட்டும் அதில் ஏற்றும் முறையை வளர்த்தெடுத்தார். 1993இல் நடைபெற்ற ஒப்பீட்டுச் சோதனையில் அம்முறை வென்றது. 1999இல் சர்வதேச நியமமாகியது. இம்முறை ஏடிஎஸ்எல் எனப்பட்டது. தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பனிகள் இதனை இல்லங்களுக்குத் திரைப்படம் வழங்கும் சாதனமாகவே எண்ணின. காலம் இதனை இணையத்தின் ஊர்தியாக மாற்றியது. 2000ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் இச்சேவை வர்த்தக ரீதியாகத் தொடங்கியது.

இங்கு ஒரு சமூக உண்மை கருத்திற் கொள்ளத்தக்கது. மீடிறன் கூடக் கூடக் கம்பியில் அலையின் நலிவும் கூடும். கம்பி நீள நீள அந்நலிவு பெருகும். பேச்சினைப் பொறுத்தவரை, பரிமாற்றகத்திலிருந்து 500 மீற்றர் தூரத்தில் இருந்தவரும் 5 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தவரும் ஏறத்தாழச் சமமானோர். இணையம் அச்சமத்துவத்தைக் குலைத்தது. ஒரே கட்டணம் செலுத்திய இருவரில் ஒருவர் செக்கனுக்கு 8 மெகாபிட் பெற்றார். மற்றவர் ஒன்றுக்கும் குறைவாகப் பெற்றார். பரிமாற்றகம் எங்கே அமைய வேண்டும், கம்பி எத்தெருவைச் சுற்றி வர வேண்டும் என்பதைப் பல தசாப்தங்களுக்கு முன் தீர்மானித்த பொறியியலாளர், தாம் அறியாமலே எதிர்காலத்தின் வசதியுள்ளோரையும் வசதியற்றோரையும் வகுத்துவிட்டனர். விளம்பரங்களோ இவ்வேறுபாட்டை மறைத்தன. வாடிக்கையாளருள் 10 வீதத்தினர் பெறக்கூடிய வேகத்தையே உச்ச வேகமாக விளம்பரஞ் செய்ய அங்கு அனுமதி இருந்தது. 2018 மே மாதத்திலேயே, பயன்பாடு மிகுந்த வேளையிற் குறைந்தது பாதிப் பேராவது பெறும் வேகத்தையே கூற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இனி, இல்லத்தின் உள்ளே நுழைவோம். 1981 வரை பிரித்தானிய இல்லங்களிற் பொதுவாகத் தொலைபேசி சுவரோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டில் தொலைத்தொடர்பு அஞ்சல் துறையிலிருந்து பிரிந்து தனி நிறுவனமாயிற்று; செருகியும் குதையும் கொண்ட புதிய முறையும் அறிமுகமாயிற்று. ஒரு வீட்டிற் பல தொலைபேசிகளை இணைக்கும் பொருட்டு, முதன்மைக் குதையிலிருந்த ஒரு கொள்ளளவியின் வழியாக மணியடிக்கும் மின்னோட்டம் மூன்றாவது கம்பியொன்றில் ஏனைய குதைகளுக்கு அனுப்பப்பட்டது. ஒரு கருவியில் எண்ணைச் சுழற்றும்போது மற்றதன் மணி கிணுகிணுக்காதிருக்கவும் இது உதவிற்று. சிறந்த ஏற்பாடே. ஆனால் முறுக்கிய இணையின் ஒரு கம்பியோடு மட்டும் தொடர்புகொண்ட அம்மூன்றாவது கம்பி, இல்லமெங்கும் ஓடி வானொலி அலைகளை ஏற்று, இணையின் சமநிலையைக் குலைத்தது. 1881இல் கண்ட தத்துவத்தைச் சரியாக நூறு ஆண்டுகளின் பின் வந்த வசதியொன்று மீறியது. குரலின் எல்லையில் அம்மீறல் புலப்படவில்லை. இணையத்திலோ வேகக் குறைவாகவும் இணைப்பு அறுதலாகவும் வெளிப்பட்டது.

இதற்கான பரிகாரத்தைப் பல இல்லத்தார் தாமே செய்துகொண்டனர். பிற்காலத்து முதன்மைக் குதையின் கீழ்ப்பாதி மூடி, நிறுவனத்தின் பொறுப்பும் இல்லத்தாரின் பொறுப்பும் சந்திக்கும் எல்லையாகும். அதனைக் கழற்றினால் உள்ளே சோதனைக் குதை தெரியும். மோடத்தை அங்கே பொருத்தி நிலைமை சீரானால், குறை வீட்டுக் கம்பியில் உள்ளது. சீராகாவிடின் வெளியே உள்ளது. வீட்டிற் குறை கண்டோர் ஒரு சிறு திருகாணிச் செலுத்தியைக் கொண்டு மூன்றாவது கம்பியை விலக்கினர். 17070 என்ற சோதனை எண்ணை அழைத்து, அமைதியான இணைப்பிற் சீறல் ஒலி கேட்கின்றதா எனச் செவிமடுத்தனர். மத்திய அலை வானொலியை 612 கிலோஹெர்ட்ஸ் அளவிற்கு முடுக்கி, அறை அறையாகக் கொண்டு சென்று, எந்த மின்சாதனத்தின் அருகே இரைச்சல் மிகுகின்றது என ஆராய்ந்தனர். ஏடிஎஸ்எல்லின் மீடிறன்களும் மத்திய அலையும் ஒன்றன்மேலொன்று படிவதே இதற்கு அடிப்படை. இரவில் மத்திய அலை நெடுந்தூரம் பரவுவதால், இருண்ட பின் இணைப்பு நலிவதும் இதனாலேயே.

2006இல் அறிமுகமான வேகமான சேவையில், முதற் பத்து நாட்கள் இணைப்பின் நிலையை ஒரு தன்னியக்க முறை அவதானித்து வேகத்தை நிர்ணயித்தது. அந்நாட்களிற் பொறுமையிழந்து மோடத்தைப் பலமுறை அணைத்து ஏற்றியோரின் செய்கையை அம்முறை இணைப்பின் குறையாகக் கருதக்கூடும். கருதின் வேகத்தை மேலும் குறைக்கும். ஆகவே காத்திருத்தலும் ஒரு தொழில்நுட்பத் திறனாயிற்று.

தனிமனித முயற்சியின் எல்லையையும் வரலாறு காட்டுகின்றது. வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ பதினெட்டு மாதங்களாக நாள்தோறும் காலை 7 மணியளவில் ஊர் முழுவதும் இணையம் தடைப்பட்டது. கம்பிகள் மாற்றப்பட்டும் பயனில்லை. ஈற்றிற் பொறியியலாளர் அளவீட்டுக் கருவியுடன் ஊரைச் சுற்றி வந்து, ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டி இயக்கப்படும் கணத்தில் வெளியிடும் மின்னிரைச்சலே காரணமெனக் கண்டனர். 2020இல் இச்செய்தி வெளிவந்தபோது பலரும் நகைத்தனர். ஆயினும் அதன் பொருள் நகைப்பிற்குரியதன்று. ஒரு வீட்டின் குறை, கம்பியின் வழியே ஊரார் அனைவரின் குறையாகின்றது. தத்தம் வீட்டிற் குறை தேடிய எவரும் அதனைக் கண்டிருத்தல் இயலாது.

2010 முதல் தெருப்பெட்டி வரை ஒளியிழை இடப்பட்டது. ஆயினும் பெட்டியிலிருந்து இல்லம் வரை பழைய கம்பியே நீடித்தது. 2020 மார்ச்சில் செக்கனுக்கு 10 மெகாபிட் வேகத்தைக் கோரும் சட்டபூர்வ உரிமை மக்களுக்குக் கிடைத்தது. பழைய தொலைபேசி முறையையே முற்றாக நிறுத்தும் முடிவும் எடுக்கப்பட்டது; அதற்கான காலக்கெடு 2025 டிசெம்பரிலிருந்து 2027 ஜனவரிக்கு ஒத்திவைக்கப்பட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. இவ்வேளையிற் பழைய கம்பியின் மறந்துபோன நன்மையொன்று வெளிப்பட்டது. பரிமாற்றகத்திலிருந்து வரும் ஏறத்தாழ 50 வோல்ற்று மின்சாரத்தில் இயங்கியதால், வீட்டில் மின்சாரம் தடைப்பட்டாலும் அத்தொலைபேசி பேசும். தனித்து வாழும் முதியோர் ஆபத்து வேளையில் அழுத்தும் அழைப்புக் கருவிகள் பல அதனையே நம்பியிருந்தன. புதிய முறைக்கு மாற்றப்பட்டபோது அவற்றுட் சில செயலிழந்தன; அதனால் 2023 டிசெம்பரில் அரசும் நிறுவனங்களும் கட்டாய மாற்றத்தை இடைநிறுத்த உடன்பட்டன.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? சுருளைப் பொருத்தியோரும், அலுமினியத்தை இட்டோரும், மூன்றாவது கம்பியைச் சேர்த்தோரும் அறிவிலிகள் அல்லர். ஒவ்வொருவரும் தம் காலத்தின் தேவைக்கு உகந்ததையே செய்தனர். ஆயின் அம்முடிவுகளின் விலையைச் செலுத்தியோர் அவற்றை எடுக்கும் அவையில் இடம்பெறாதவர்கள். பெரும்பாலும் கம்பியின் கடைக்கோடியில் வாழ்ந்தவர்கள். அவர்கள் திருகாணிச் செலுத்தியோடும் வானொலிப் பெட்டியோடும் செய்த சிறு பணிகள் எந்தக் காப்புரிமைப் பதிவேட்டிலும் இடம்பெறா. எனினும் ஒரு பழைய வலையமைப்பு இருபது ஆண்டுகள் புதிய பணியை ஆற்றியதற்கு அவர்களும் காரணராவர்.

இலங்கையிலும் தொலைத்தொடர்பு 1980இல் அஞ்சல் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. இங்கும் குரலுக்காக இட்ட செப்புக் கம்பி பின்னர் இணையத்தைச் சுமந்தது. ஆதலின் இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. இன்று இடப்படும் ஒளியிழையும் ஒருநாட் பழைய கம்பியாகும். அதன் பாதையை வகுப்போர், கடைக்கோடியில் இருப்பவர் யார் என்பதை முன்கூட்டியே வினவுவரேல், பழைய கம்பியின் வரலாறு பயன் தந்ததாகும்.