ஆளொழிந்த கரைகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களிடம், இந்தக் கடலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மழையைத் திட்டுவார்கள், கடிக்கிற பொடிப்பூச்சிகளைத் திட்டுவார்கள், கடைசியில் கூட்டம் இல்லை என்பார்கள். உண்மைதான். மல் தீவின் மேற்குப் பக்கம் போனால் பகல் முழுக்க எதிரே இரண்டு மூன்று பாய்கள் தென்பட்டால் அதிகம். ஜூன் மாதத்தில் இரவு பதினோரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஒரு குடாவுக்குள் புகுந்து, ஆழத்தைப் போல நாலு மடங்கு சங்கிலியை விட்டு, நங்கூரம் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினால், அதற்கப்புறம் காதில் விழுவதெல்லாம் கடல்நாய்களின் முனகலும் பாறையில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தமும்தான்.

கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்து, நண்பர் ஒருவரின் படகில் கயிறு இழுக்கப் போகத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கும் இந்த அமைதி மேல் தீராத ஆசை. ஆனால் இதை இயற்கை கொடுத்த வரம் என்று சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. இங்கே ஒரு காலத்தில் கடல்தான் ராஜபாட்டை. மலையும் சதுப்புமான நிலத்தில் பத்து மைல் நடப்பதைவிடத் தண்ணீரில் முப்பது மைல் போவது சுலபம். தீவுகளின் பிரபுக்கள் என்று பெயர்பெற்ற மெக்டொனால்டு குலத் தலைவர்கள் ஐலா தீவின் ஃபின்லாகனில் சபை கூட்டி, இந்தக் கடலையே தங்கள் நாடாக ஆண்டார்கள். அவர்களுடைய பலம் பிர்லின் என்ற துடுப்புப் படகு. வைக்கிங் படகின் வாரிசு அது. பலகைமேல் பலகை ஏறிய உடல், ஒற்றைப் பாய்மரம், சதுரப் பாய். ஹாரிஸ் தீவின் ரோடெல் தேவாலயத்தில் அலஸ்டர் குரோடாக் மக்லியோடு தனக்காக 1528இல் எழுப்பிக்கொண்ட கல்லறையில் அப்படி ஒரு படகைச் செதுக்கியிருக்கிறார்கள். பலகை வரிகள், துடுப்புக்கான துளைகள், பாய்மரத்தைக் கட்டி நிறுத்தும் கயிறுகள், பின்னால் சுக்கான் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. செதுக்கியவன் கடலில் போனவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1493இல் ஸ்காட்லாந்து அரசர் அந்தப் பிரபுத்துவத்தைப் பறித்தார். 1616இல், தலைவர்கள் ஆளுக்கு ஒரு பிர்லினுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அரச சபை கட்டுப்படுத்தியது. இந்தக் கரையில் படகுகள் குறையத் தொடங்கிய கதையை நான் அந்த உத்தரவிலிருந்துதான் எண்ணுவேன்.

ஆனாலும் அதற்குப் பிறகும் இருநூறு வருஷம் இந்தக் கடலில் நல்ல நடமாட்டம் இருந்தது. ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கைல் ரே என்றொரு கடல் இடுக்கு இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் அளவுக்குத்தான் அகலம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அதற்குள் நீரோட்டம் ஏழெட்டு நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் பாயும். எங்கள் படகு நல்ல காற்றில் ஐந்து, ஆறு நாட் போகும். எதிர்த்துப் போனால் கரையிலிருக்கும் மரம் பின்னால் நகராமல் எங்களை முந்திப் போகும். அதனால் எல்லோரும் ஓட்டம் திரும்பும் நேரம் பார்த்துக் காத்திருப்பார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அதே இடத்தில், அதே நேரத்துக்காக, மாடு ஓட்டிகள் காத்திருந்தார்கள். ஸ்கையிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான மாடுகள் ஃபால்கிர்க் சந்தைக்குப் போயின. பாலம் கிடையாது, மாட்டை ஏற்றும் படகும் கிடையாது. நீந்தவிட்டார்கள். ஒவ்வொரு மாட்டின் கீழ்த்தாடையிலும் கயிற்றைச் சுற்றுவார்கள். மூச்சு முட்டாமல் இருக்க நாக்கு கயிற்றில் சிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். கயிற்றின் மறுமுனை முன்னால் போகும் மாட்டின் வாலில். இப்படி ஆறு, எட்டு மாடுகள் ஒரு சரமாகும். முதல் மாட்டின் கயிற்றைப் படகின் பின்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள, நாலு பேர் துடுப்பு வலிப்பார்கள். ஓட்டம் அடங்கியிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை சரம் முடியுமோ அத்தனை. குளிர்ந்த தண்ணீரில் மாடுகளின் மூச்சையும், மனிதர்கள் கேலிக் மொழியில் போட்ட சத்தத்தையும், கரையில் முறைக்காகக் காத்து நின்ற மந்தைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். இன்று அங்கே அமைதி என்று நாங்கள் மெச்சுகிறோம். நீராவிக் கப்பல்கள் மாட்டை ஏற்றத் தொடங்கின, ஓபனுக்கு 1880இலும் கைல் ஆஃப் லொகால்ஷுக்கு 1897இலும் ரயில் வந்தது, மாட்டுப் பாதை புல் மூடிப் போனது. இப்போது அந்த இடுக்கைக் கடக்க 1969இல் கட்டிய சின்ன ஃபெர்ரி ஒன்று ஓடுகிறது. கார்கள் நிற்கும் தளத்தை ஆட்களே கையால் தள்ளித் திருப்புகிறார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை நடத்துகிறார்கள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

மாடு போனது வண்டி வாகனத்தால். மனிதர்கள் போனது அப்படியல்ல.

மல் தீவின் மேற்கே, ஸ்டாஃபா தீவுக்குப் போகும் வழியில் உல்வா என்ற தீவு இருக்கிறது. ஸ்டாஃபாவின் குகையைப் பார்க்க இயற்கை அறிஞர் ஜோசப் பேங்க்ஸ் 1772இல் வந்தார், இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829இல் வந்தார், இன்றும் சுற்றுலாப் படகுகள் வந்தபடி இருக்கின்றன. உல்வாவின் தெற்குப் பக்கத்துக் கிராகெய்க் குடாவுக்கு அவ்வளவாக யாரும் வருவதில்லை. வாயிலில் பாறைகள் உண்டு, மெதுவாகப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கேப்டன் ஹென்றி ஆட்டரும் அவர் போன்ற கடற்படை அளவையாளர்களும் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி இந்தத் தீவுக் கடலை அளந்தார்கள். கடல் வரைபடங்களின் சில மூலைகளில் இன்னும் அவர்கள் போட்ட எண்களை நம்பித்தான் போகிறோம். உள்ளே போய்விட்டால் தெற்கே திறந்த கடல், கிழக்கே பென் மோர் மலை. சாயங்காலம் வெயில் சாய்ந்து விழும்போது கரைச் சரிவில் வரிவரியாக மேடும் பள்ளமும் எழுந்து வரும். உருளைக்கிழங்குப் பாத்திகள். கடற்பாசியை எருவாகப் போட்டு, மண்ணை மண்வெட்டியால் புரட்டிக் குவித்த பாத்திகள். அவற்றுக்குப் பக்கத்தில் கூரை இல்லாத கல்வீடுகள். பன்னத்தழை மார்பளவு வளர்ந்து வாசல்களை மறைக்கிறது. மாடுகளும் மனிதர்களும் மிதித்துக்கொண்டிருந்தவரை அந்தத் தழை தலையெடுத்திருக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உல்வாவில் 600 பேர் வரை இருந்தார்கள். அவர்களை அங்கே அவ்வளவு நெருக்கமாக நிறுத்தியது கெல்ப் என்ற சாம்பல். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இடுப்பளவு கடலில் இறங்கி அரிவாளால் பாசி அறுத்தார்கள். கூடையில் சுமந்து கரையேற்றி, காயவைத்து, கல் பாவிய குழிகளில் எரித்தார்கள். உருகிய சாம்பலை இரும்புக் கம்பியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறினால் பாறைபோல இறுகும். ஒரு டன் கெல்ப் எடுக்க ஏறத்தாழ இருபது டன் பச்சைப்பாசி வேண்டும். அது கண்ணாடிக்கும் சோப்புக்கும் போனது. நெப்போலியன் போர்களால் ஸ்பெயினிலிருந்து சோடா வரத்து தடைப்பட்டபோது டன்னுக்கு 20 பவுண்டு வரை விலை ஏறியது. எரித்தவர்கள் கைக்கு வந்தது அதில் சிறு பங்கு, மிச்சம் நிலவுடைமையாளருக்கு. ஜனங்கள் கப்பலேறிப் போய்விட்டால் பாசி அறுக்க ஆள் ஏது? 1803இல் பயணிகள் கப்பல் சட்டம் வந்தது. பயணிகளின் நலனுக்கு என்று கொண்டுவந்த அந்தச் சட்டம் கனடாவுக்கான பயணச் செலவை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றியது. அதற்கு மேட்டுநில நிலப்பிரபுக்கள் உற்சாகமாக ஆதரவு தந்தார்கள்.

1815இல் போர் முடிந்தது. வெளிநாட்டுச் சோடா திரும்பி வந்தது, வரி குறைந்தது, கெல்ப் விலை விழுந்தது. போகாதே என்று பிடித்துவைத்த அதே மனிதர்கள் இப்போது பாரமானார்கள். 1835இல் உல்வாவை பிரான்சிஸ் வில்லியம் கிளார்க் என்ற வழக்கறிஞர் வாங்கினார். 1846இல் உருளைக்கிழங்குக்கு நோய் விழுந்தது. அதையடுத்த சில வருஷங்களில் அவர் தீவின் பெரும்பகுதி மக்களை வெளியேற்றி ஆடுகளை விட்டார். முதியவர்களும் நோயாளிகளும் தங்க விடப்பட்ட வீட்டு வரிசை ஒன்று ஆர்ட்கிளாஸ் முனைக்கு மேலே இடிந்து கிடக்கிறது. பட்டினி வரிசை என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைத் தாண்டி அங்கே எழுதிவைக்க ஒன்றுமில்லை. மல் முழுக்க, ஸ்கை முழுக்க, மேற்குத் தீவுகள் பலவற்றிலும் இதே கதைதான், தேதிகளும் பெயர்களும் மட்டும் மாறும். நாங்கள் ஆசைஆசையாய் நங்கூரம் போடும் குடாக்களில் எத்தனையோ இப்படி ஆளொழிந்த ஊர்களின் துறைகள்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று படகு நண்பர் கேட்டிருக்கிறார். என் அம்மாவின் வீட்டார் இலங்கையில் அப்புத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரிக்கு வந்தார்கள். ஆள் தேவைப்பட்டபோது கொண்டுபோய் வைப்பதும், கணக்கு மாறியதும் கிளப்பிவிடுவதும் எங்கள் வீட்டில் பேசிப் பேசி வளர்ந்த விஷயம். கிராகெய்க் வீட்டு வாசற்படியில் கை வைத்தபோது அம்மாச்சியின் குரல் காதில் கேட்டது.

அப்புத்தளைக்கும் இந்தக் கடலுக்கும் இன்னொரு உறவும் உண்டு. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளையை ஒட்டிய தம்பதென்னயில் தோட்டம் வாங்கினார். தமிழர்கள் கிள்ளிய கொழுந்து அவரை இன்னும் பெரிய பணக்காரர் ஆக்கியது. அந்தப் பணத்தில் அமெரிக்கக் கோப்பைக்கு 1899 முதல் 1930 வரை ஐந்து முறை ஷாம்ராக் என்ற பெயரில் பந்தயப் படகுகளை அனுப்பினார். இரண்டாம், மூன்றாம் ஷாம்ராக்குகளைக் கட்டியது கிளைட் ஆற்றங்கரை டம்பார்ட்டனில். கோப்பை கிடைக்கவில்லை, உலகப் புகழ் கிடைத்தது. முதல் உலகப் போருக்கு முன் கிளைடில் பாய்மர விளையாட்டு என்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டிய பெரும் படகுகளே பேச்சாக இருந்தன. அது பணத்தின் ஆட்டம். நான் மதிப்பது 1909இல் தொடங்கிய கிளைட் குரூசிங் கிளப் போன்ற சங்கங்களை. தங்கள் சின்னப் படகைத் தாங்களே ஓட்டியவர்கள் எந்தக் குடாவில் மணல், எதில் பாறை, எந்தக் காற்றுக்கு எது ஒதுங்கிடம் என்று வருஷா வருஷம் எழுதிச் சேர்த்தார்கள். இன்று புதிதாக வருகிறவரும் தைரியமாக உள்ளே நுழைவது அந்தக் கூட்டு உழைப்பால்.

விளக்குகளும் அப்படித்தான். 1786இல் அமைந்த வட கலங்கரை விளக்க வாரியத்துக்காக ஸ்டீவன்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் கட்டியது. டைரீ தீவுக்குத் தென்மேற்கே நடுக்கடல் பாறையில் ஆலன் ஸ்டீவன்சன் எழுப்பிய ஸ்கெரிவோர் 1844இல் எரியத் தொடங்கியது. உயரம் 48 மீட்டர். அடுத்து 1872இல் டூ ஹார்டாக். அதற்குக் கல் வெட்டியது எரெய்டு என்ற குட்டித் தீவில். 1870இல் பத்தொன்பது வயதில் அந்தக் குடும்பத்து எழுத்தாளர் ஆர்.எல். ஸ்டீவன்சன் அங்கே வந்து தங்கினார். பின்னால் தன் ‘கிட்நாப்டு’ நாவலின் நாயகனை அதே கரையில்தான் ஒதுங்க வைத்தார். அந்தத் தீவை ஒட்டி டிங்கர்ஸ் ஹோல் என்ற இடுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புக் கருங்கல் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். இந்தக் கரையில் எனக்கு மிகப் பிடித்த ஒதுங்கிடம் அதுதான். விளக்குக் காவலர்களின் குடும்பங்களுக்குக் கட்டிய கல்வீட்டு வரிசை இன்னும் எரெய்டில் நிற்கிறது. காவலர்கள் இல்லை. டூ ஹார்டாக் 1971இல் தானியங்கி ஆனது, ஸ்கெரிவோர் 1994இல். 1998இல் ஃபேர் தீவின் தென்விளக்கோடு ஸ்காட்லாந்தில் கடைசிக் காவலரும் இறங்கினார். நிலக்கரி ஏற்றி வந்து, வற்றத்தில் மணலில் உட்கார்ந்து, குதிரைவண்டிக்குச் சரக்கு இறக்கிய பஃபர் என்ற சின்ன நீராவிக் கப்பல்களும் அதற்கு முன்பே மறைந்திருந்தன.

உல்வாவில் 2018இல் ஆறு பேர் அளவில் மட்டுமே மிச்சம் இருந்தார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் வடமேற்கு மல் மக்களின் சமூக நிறுவனம், பெரும்பாலும் ஸ்காட்டிஷ் நில நிதியின் உதவியோடு, தீவை உடைமையாளரிடமிருந்து வாங்கியது. பழைய வீடுகளைப் பழுது பார்த்தார்கள், குடியேற விரும்பியவர்களைக் கூப்பிட்டார்கள், குடும்பங்கள் வந்து சேரத் தொடங்கின. கிராகெய்க் பக்கம் இன்னும் வெறுமைதான். அங்கேயும் ஒருநாள் கூரை எழுந்து, நாய் குரைத்து, பிள்ளைகள் கரையில் கத்திக்கொண்டு ஓடி, எங்கள் அமைதி கெடுமானால் கெடட்டும். நங்கூரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வோம்.