பேய்க் கூத்தில் ஒலித்த நம் தாளம்

சென்ற காலத்தைக் கண்முன் கொணர வேண்டின், ஆராய்ச்சியாளர் கல்வெட்டை நாடுவர்; கதை சொல்வோர் பேயை நாடுவர். இந்த இரண்டாம் வழியைக் கைக்கொண்டு, வங்க நாட்டின் பல நூற்றாண்டுகளை ஆறு நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நடனம் ஒன்றில் அடக்கிக் காட்டியவர் சத்யஜித் ராய். அந்த நடனம் இடம் பெற்ற 'கூபி காயேன் பாகா பாயேன்' என்னும் திரைப்படம் 1969-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் கல்கத்தாவில் வெளியாயிற்று. தமிழராகிய நாம் அதனை ஆர்வத்துடன் நோக்குவதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு.

கதை ராயினுடையதன்று, அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌதரி எழுதியது. குழந்தைகளுக்காக அவர் 1913-இல் தொடங்கிய 'சந்தேஷ்' இதழில் அது வெளிவந்தது. பாடத் தெரியாத பாடகன் கூபி, கொட்டத் தெரியாத மேளக்காரன் பாகா ஆகிய இருவரும் ஊரை விட்டு விரட்டப்பட்டுக் காட்டில் சந்திக்கின்றனர். அங்கே பேயரசன் அவர்களுக்கு மூன்று வரங்கள் அருளுகிறான்: கைதட்டினால் உணவும் உடையும் கிட்டும், மந்திரக் காலணி விரும்பிய இடத்திற்குக் கொண்டு செல்லும், அவர்களுடைய இசையைக் கேட்டோர் அசைவற்று நிற்பர்.

வரம் அருளுமுன் நிகழ்வதே பேய்களின் நடனம். அங்கு ஆடுவோர் நால்வகையினர். முதல் வகையினர் முடி தரித்த பழைய அரசர். அடுத்தவர் உழுதுண்ட குடியானவர். மூன்றாமவர் கும்பினிக் காலத்து வெள்ளையர். நான்காமவர் பிறர் உழைப்பில் கொழுத்த பருத்த உடலினர். ஏட்டில் தனித்தனி அதிகாரங்களாக நாம் படிக்கும் வரலாறு இங்கே ஒரே மேடையில் கூடுகிறது. ஒவ்வொரு வகையினரும் தத்தம் இனத்தாருடனேயே பொருது மாய்கின்றனர். இறுதியில் நான்கு வகையினரும் ஒருவர்மேல் ஒருவராக நான்கு வரிசைகளில் நின்று இசைந்து ஆடுகின்றனர். உயிரோடிருந்தபோது கூடாத ஒற்றுமை இறந்த பின்னர் கூடுகிறது!

இந்த நடனத்திற்கு ராய் தேர்ந்தெடுத்த இசை யாது? தென்னாட்டுத் தாளவாத்தியக் கச்சேரியின் இசையே அது. அரசர்க்கு மிருதங்கம், குடியானவர்க்குக் கஞ்சிரா, வெள்ளையர்க்குக் கடம், பருத்தோர்க்கு மோர்சிங். செவ்வியல் மரபின் கம்பீரம் அரசர்க்குப் பொருந்துகிறது. உடும்புத் தோல் போர்த்த சிறு கஞ்சிராவில் நாட்டுப்புறத்தின் சாயல் இருக்கிறது. மண்பானையின் விறைத்த ஒலி துரைமாரின் மிடுக்கைக் காட்டுகிறது. பல்லிடுக்கில் அதிரும் இரும்பு மோர்சிங்கோ நகைப்பை விளைவிக்கிறது. மேலும், வெள்ளையரின் ஆட்டத்தை மட்டும் விநாடிக்கு 16 படங்கள் வீதம் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டிக் காட்டினர். அதனால் அவர்கள் சாவி கொடுத்த பொம்மைகளைப் போலத் துள்ளுகின்றனர்.

இதன் பின்னர்க் கதை வாளும் ஒட்டகமும் கோட்டையும் நிறைந்த இடைக்கால உலகினுள் புகுகிறது. ஹல்லா நாட்டுக் காட்சிகளுக்கு இராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் இடமளித்தது. பணமுடையால் படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையிலேயே அமைந்தது. முடிவு மட்டுமே வண்ணம் பெற்றது. ஹல்லாவின் மன்னன் இயல்பில் நல்லவன். மந்திரவாதியின் மருந்தைக் கொண்டு அமைச்சன் அவனைக் கொடியவனாக்கி, படையே இல்லாத சுண்டி நாட்டின்மீது போர் தொடுக்கச் செய்கிறான். வீரர்களோ பசியால் வாடியவர்கள். கூபி பாட, வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. படைக்கலங்களை எறிந்துவிட்டு வீரர்கள் உண்ண ஓடுகின்றனர். போர் நின்றுவிடுகிறது.

சிறுவர்க்கு இது வேடிக்கை. ஆயின், அன்று அரங்கில் அமர்ந்திருந்த பெரியோர்க்கு இது வேடிக்கை மட்டுமாக இருந்திருக்க இயலுமா? 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்கத்தில் மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் எனக் கணக்கிடப்படுகிறது. 1966-இல் மேற்கு வங்கம் உணவுக் கிளர்ச்சியைக் கண்டது. பசித்தவன் கையில் வாளைக் கொடுப்பது அரசியல். சோற்றைக் கொடுப்பது அறம் என்னும் உண்மையை அவர்கள் ஏட்டில் படித்தறிய வேண்டியதில்லை.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் வந்த நம்முள், நமது கலை இங்கு நம்மவர் சபைகளுக்கு மட்டுமே உரியதென எண்ணுவோர் பலர். அந்த எண்ணத்தை இப்படம் மாற்றுகிறது. வங்கத்தின் வரலாற்றைச் சொல்ல வங்கக் கலைஞர் ஒருவர் நமது தாளத்தை நாடினார். விருந்தாளியின் பண்டமாக அன்று, தம் வீட்டுக் கருவியாகவே அதனைக் கையாண்டார். பின்னர் 1976-இல் பரத நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தவரும் இவரே.

ஆகவே, இப்படத்தை நம் குழந்தைகளுடன் காணும் வாய்ப்பு நேர்ந்தால், பேய்கள் ஆடத் தொடங்கியதும் அவர்களைச் சற்றே கண்மூடிக் கேட்கச் சொல்வோம். எது மிருதங்கம், எது கடம் என்று அவர்கள் பிரித்துச் சொல்லட்டும். பிறகு கண்ணைத் திறந்து, அந்தத் தாளத்திற்கு ஆடுவோர் யாவர் என்று பார்க்கட்டும். நம் ஊர் ஒலியையும் நாம் வாழும் ஊரின் வரலாற்றையும் அவர்கள் ஒருங்கே அறிந்துகொள்வர்.