கணக்குக் கேட்பவரா, கைகொடுப்பவரா?

முதல் வருடக் களப்பணியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அறிக்கையில் மட்டும் "ஆறுதல் கூறினேன்" என்று எழுதினேன்! காரணம் வேறொன்றுமில்லை. அதைப் படிக்கும் சூப்பர்வைசர்தான் மதிப்பெண்ணும் போடுவார்.

இந்தப் பயம் எனக்கு மட்டும்தானா என்று தேடிப் படித்தேன். அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது நண்பர்களே!

1869-ல் லண்டனில் 'சேரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி' என்ற அமைப்பு தொடங்கியது. 1877-ல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கும் வந்தது. வசதியான வீட்டுப் பெண்கள் பலர் சம்பளமில்லாமல் ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வருவார்கள். அவர்களுக்கு 'நட்பு விருந்தினர்' என்று பெயர். யாருக்கு உண்மையில் உதவி தேவை என்று விசாரிப்பதும் அவர்கள் வேலை. இவர்கள் வருவார்கள், போவார்கள். சம்பளம் வாங்கும் ஏஜென்ட் மட்டும் நிலையாக இருப்பார். புதியவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். சங்கத்தின் பணமும் பெயரும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஆக, ஆரம்பத்திலேயே ஒரே ஆள் தலையில் இரண்டு வேலை!

1889-ல் பால்டிமோர் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தார் மேரி ரிச்மண்ட். அதற்கு முன் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். இந்த வேலையைப் படிக்கப் பள்ளிக்கூடமே அப்போது கிடையாது. எனவே பாஸ்டனுக்குப் போய், அங்கே அனுபவசாலியான ஜில்ஃபா ஸ்மித்திடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். இதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897-ல் டொராண்டோ மாநாட்டில் பேசியதும் இதே ரிச்மண்ட்தான். அடுத்த வருடமே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பள்ளி நடந்தது. பின்னாளில் அதுதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது. வகுப்பறை வந்தபிறகும், மூத்தவர் பக்கத்தில் இருந்து கற்கும் வழக்கம் போகவில்லை. 1936-ல் பம்பாயில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் தலைமையில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்று நாம் செய்யும் களப்பணிக்கு வேர் இங்கேதான்.

மனநலச் சிகிச்சையின் கதை வேறு ஊரில் நடக்கிறது. 1920-ல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கன், கார்ல் ஆபிரகாம் முதலானோர் ஒரு உளப்பகுப்பாய்வு மருத்துவமனை தொடங்கினார்கள். பணமில்லாதவர்களும் அங்கே வரலாம். கற்றுக்கொள்பவர்களும் நோயாளிகளைப் பார்ப்பார்கள் என்பதால், ஒவ்வொரு கேஸையும் மூத்தவரிடம் விவாதிக்க வேண்டும் என்று விதி வந்தது. இதில் ஒரு சண்டை! மாணவரின் சொந்த மனதை ஆராயும் மூத்தவரும், அவருடைய கேஸைச் சரிபார்க்கும் மூத்தவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்றது பெர்லின். முதல் கேஸுக்காவது ஒரே ஆள்தான் நல்லது, மாணவரின் மனச்சிக்கல் எங்கே குறுக்கே வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்றது புடாபெஸ்ட்.

1958-ல் எக்ஸ்டைன், வாலர்ஸ்டைன் இருவரும் எழுதிய புத்தகம் இன்னொன்றைக் காட்டியது. சிகிச்சை அறையில் நடப்பது, மேற்பார்வை அறையிலும் வேறு வேஷத்தில் நடக்குமாம். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அழுத அம்மா முன்னால் எழுந்து ஓடினேன். சூப்பர்வைசர் முன்னால் எழுத்திலேயே ஓடினேன்!

1976-ல் ஆல்ஃபிரட் கடுஷின் மேற்பார்வையின் வேலைகளை மூன்றாகப் பிரித்தார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. பட்டியல் தெளிவுதான். ஆனால் தவறைச் சொல்ல வேண்டிய ஆளும், அதற்கு மதிப்பெண் போடும் ஆளும் ஒருவரே என்ற பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. இதில் நஷ்டம் மாணவருக்கு மட்டுமில்லை. மறைத்த தவறைத் திருத்த யாருமில்லாததால், அடுத்த வீட்டில் அழுபவரிடமும் அதே தவறு நடக்கும்.

கடைசியில் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பேசணும்னே இல்லம்மா, சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தாலே போதும்" என்றார். எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைக்காத வரி அது. ஆனால் அதைக் கேட்க நான் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

மதிப்பெண் போட ஒருவர், மனம்விட்டுப் பேச ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் என்ன? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?